இட்லிக் கணக்கு

அளந்து பார்ப்பதில் மனிதனுக்கு உள்ள ஆசைக்கு மட்டும் அளவே கிடையாது. நிலத்தை அளந்தான், நெல்லை அளந்தான், கடலின் ஆழத்தை அளந்தான். இப்போது சைக்கிள் மிதிக்கிறவனுடைய காலையே அளக்க ஆரம்பித்துவிட்டான்!

என் மருமான் ஒருவன் சென்னையிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குச் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தான். கைப்பிடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிச் சமாசாரம்.

"இது என்னப்பா, கடிகாரமா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா, பவர் மீட்டர். என் கால் எத்தனை வாட் சக்தி கொடுக்கிறது என்று காட்டும்" என்றான்.

விஷயம் சுவாரஸ்யமானதுதான். பெடலை மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறதாம். அந்த வளைவை அளந்து, கிராங்க் சுற்றும் வேகத்தோடு பெருக்கினால் காலின் சக்தி வந்துவிடும். 1986-ல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் என்பவர் இப்படி ஒரு கருவியை உருவாக்கினார். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே விஞ்ஞானிகள், சைக்கிள் மிதிக்கிறவன் விடும் மூச்சைப் பையில் பிடித்துக் கணக்குப் பார்த்து வந்தார்கள். உடம்பு ஒரு லிட்டர் பிராணவாயுவைச் செலவழித்தால் சுமார் 5 கிலோ கலோரி எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். சாதாரண ஆள் மணிக்கணக்கில் விடாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை கொடுக்கலாம். அதாவது குதிரையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நம் பழைய வாய்பாட்டில் எட்டில் ஒன்றுக்கு 'அரைக்கால்' என்று பெயர். குதிரையின் ஒரு முழுக்கால்கூட நமக்குத் தேறவில்லை என்பதைக் கவனியுங்கள்! இதிலும் ஒரு வேடிக்கை. தின்ற சோற்றின் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. பாக்கி முக்கால் பங்கும் உடம்புச் சூடாகிப் போய்விடுகிறது.

மருமான் போன பிறகு எனக்கும் கணக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. திருத்தணி மலைக்கு 365 படிகள். படிக்கு அரை அடி என்று வைத்தால் சுமார் 55 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ள பக்தர் ஒருவர் அதில் ஏறச் சுமார் 30 கிலோ கலோரி போதும். ஒரு இட்லியில் 50 கிலோ கலோரி என்று வைத்துக்கொண்டால், முருகனைத் தரிசிக்க ஒரு முழு இட்லிகூட வேண்டாம்! இறங்கி வந்ததும் நாம் உள்ளே தள்ளும் ஆறு இட்லிகளுக்கு மலை எந்த விதத்திலும் பொறுப்பாகாது.

சைக்கிள் கணக்கு இன்னும் அதிசயம். 1973-ல் எஸ்.எஸ்.வில்சன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர், சைக்கிளில் போகிறவன் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் சக்தி, நடக்கிறவனுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று எழுதினார். இருபது கிலோமீட்டர் நடந்தால் இருபது இட்லி செலவு. சைக்கிளில் போனால் நாலு இட்லி.

எங்கள் ஊர் நெசவு ஊர். கேரியரில் நூல் மூட்டையைக் கட்டிக்கொண்டு தறி தறியாகக் கொண்டுபோய்ப் போடுகிற பெரியவர் ஒருவரிடம் இதை ஆவலோடு சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"எனக்கு நாலு இட்லி பத்தலியே, தம்பி. இந்த வருஷம் காலு ரெண்டும் கெஞ்சுது. வயசாச்சு, மொபெட் வாங்கிக்கோன்னு பையன் சொல்றான். கூலியிலே பாதி பெட்ரோலுக்குப் போயிட்டா, அப்புறம் நான் எதுக்கு மூட்டை தூக்கணும்?"

வயது யாருக்கு ஆயிற்று, அவருக்கா சைக்கிளுக்கா என்று பார்த்துவிடத் தீர்மானித்தோம். சோளிங்கர் சாலையில் சின்னச் சரிவு ஒன்று உண்டு. அதன் உச்சியிலிருந்து, மூட்டையோடு, பெடலைத் தொடாமல் வண்டியை விட்டார். புளியமரத்தடியில் நின்றுவிட்டது. பிறகு டயருக்குத் திண்ணென்று காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, தேய்ந்த பால்ரஸ் குண்டுகளை மாற்றி, அதே சரிவில் அதே மூட்டையோடு விட்டோம். புளியமரத்தைத் தாண்டி, மதகையும் தாண்டிப் போய் நின்றது. பெரியவர் திரும்பிப் புளியமரத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் அந்தத் தூரத்துக்கான சோற்றை டயரும் பால்ரஸ்ஸும் அல்லவா தின்றுகொண்டிருந்திருக்கின்றன!

மருமானுக்குக் காற்றுதான் எதிரி. வேகத்தை இரட்டித்தால் காற்றைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால்தான் அவன் கைப்பிடியின் மேல் படுத்துக்கொண்டு ஓட்டுகிறான். மெதுவாகப் போகும் பெரியவரைக் காற்று அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அவருக்கு எதிரி டயரும் பாரமும். மேட்டில் மட்டும் எந்தத் தந்திரமும் பலிக்காது. மூட்டையின் ஒவ்வொரு கிலோவுக்கும் பூமி வட்டியோடு வசூலிக்கிறது. அங்கே அவர் இறங்கித் தள்ளுகிறார். வேலை குறையாவிட்டாலும் அவசரம் குறைகிறது, மூச்சு தப்புகிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் பிறந்தது. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கிலோ கலோரியும், கடின உழைப்பாளிக்கு 3470-ம் வேண்டும் என்று 2020-ல் அது கணக்குச் சொன்னது. வித்தியாசம் 1360; நம் கணக்கில் இருபத்தேழு இட்லி! அந்த இருபத்தேழும் எந்தக் கூலிச் சீட்டிலும் ஏறுவதில்லை. பந்தயக்காரனுடைய காலுக்கு ஆயிரக்கணக்கான ரூபாயில் கருவி இருக்கிறது. பாரம் சுமப்பவனுடைய காலுக்கு ஒரு காற்றடிக்கும் பம்பு கூடச் சொந்தமாக இல்லை.

"உங்களுக்கும் ஒரு மீட்டர் வைத்துவிடலாமா, அண்ணா?" என்று கேட்டேன்.

"அது எதுக்குத் தம்பி? ராத்திரி உங்க அண்ணி எத்தனை தடவை சோறு வெக்கிறாங்கறதுதான் மீட்டர். இப்ப ஒரு கரண்டி கம்மியாத்தான் கேக்குது" என்றார்.

மொபெட் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. சனிக்கிழமை தோறும் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மூட்டையைக் கட்டுகிறார்.