தும்புத்தடி

"தும்புத்தடியை நிறுத்தினாலும் வெல்லும்" என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கட்சிக்கு அசையாத கோட்டையாக இருக்கிற தொகுதியைப் பற்றிச் சொல்வது. மனோர் பார்க்குக்கு வந்து சேர்ந்த புதிதில் அதே வசனம் இங்கேயும் என் காதில் விழுந்தது. சொன்னவர் எங்கள் வீட்டில் மூத்தவர். எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைப்போம்.

ரொம்ஃபோர்ட் வீதிக்குப் பின்னால் மூன்று அறை வீடு. ஒன்பது பேர். இரவு வேலைக்காரன் எழும்பிப் போன படுக்கையில் பகல் வேலைக்காரன் வந்து படுப்பான். 1993ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வாக்காளர் பதிவுப் படிவம் ஒன்று வீட்டுக்கு வந்தது. இங்கு வசிப்பவர்களின் பெயர்களை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலே எங்களுக்கும் வாக்கு உண்டு என்ற விசயம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்போமா என்பது சந்தேகம். ஊரில் வீட்டில் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் கேட்டு வந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அண்ணை படிவத்தை நாலாய்க் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். "பேரைக் குடுத்தால் நாளைக்கு வீட்டுக்காரனும் வருவான், ஹோம் ஒவ்பிசும் வரும். இங்கை லேபர் தும்புத்தடியை நிறுத்தினாலும் வெல்லும். உங்கடை வாக்கு ஆருக்கு வேணும்?"

அடுத்த ஆண்டே அவர் சொன்னதைப் பரீட்சித்துப் பார்க்கச் சந்தர்ப்பம் வந்தது. எங்கள் பகுதி அப்போது நியூஹாம் வடகிழக்குத் தொகுதிக்குள் இருந்தது. பாராளுமன்ற உறுப்பினர் ரொன் லெய்ற்றன் 1994 பெப்ரவரியில் காலமானார். யூன் 9ஆம் திகதி இடைத்தேர்தல். சிவப்புப் பட்டி குத்திய ஒரு கிழவர் கதவைத் தட்டினார். நாங்கள் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாக "நோ இங்கிலீஷ்" என்று சொல்லி அனுப்பி விட்டோம்.

தேர்தலுக்கு முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. லிபரல் டெமொக்கிரட் வேட்பாளர் அலெக் கெலவே லேபருக்குத் தாவி விட்டார்! வாக்குச்சீட்டு அச்சாகி விட்டதால் பெயரை எடுக்க முடியவில்லை. அப்படியிருந்தும் பல நூறு பேர் அவருக்குப் புள்ளடி போட்டார்கள். கட்சி தாவுவது எங்கள் ஆட்களின் வியாதி மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பழமைவாதக் கட்சியில் நின்றவர் பிலிப் ஹமண்ட். பின்னாளில் இந்த நாட்டின் நிதி மந்திரியாக வந்தவர். அன்று அவருக்கு மூவாயிரம் வாக்கும் தேறவில்லை. லேபரின் ஸ்ரீபன் ரிம்ஸ் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையில் வென்றார். வாக்களித்தவர்கள் மூன்றிலொரு பங்கினர் அளவே. அண்ணை சிரித்தார்.

பிறகு எனக்குப் பத்திரங்கள் கிடைத்தன. பெயரையும் பதிந்தேன். ஆனால் வாக்களிக்கப் போகவில்லை. இரவு வேலை, அலுப்பு என்று சாட்டுச் சொன்னேன். உண்மையில் அந்தத் தும்புத்தடிதான் காரணம்.

1999 செப்ரெம்பரில் ஒரு விடியற்காலை, பெற்றோல் நிலையத்தில் பத்திரிகைக் கட்டைப் பிரித்து அடுக்கும்போது ஸ்கொட்லாந்துச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. ஹமில்ரன் தெற்கு. பரம்பரை லேபர் தொகுதி. 1997இல் பதினையாயிரத்துக்கு மேல் பெரும்பான்மை. அங்கிருந்த உறுப்பினர் ஜோர்ஜ் றொபேட்சன் நேட்டோவின் செயலாளர் நாயகமாகப் போனதால் இடைத்தேர்தல் வைத்தார்கள். இம்முறை ஸ்கொட்லாந்துத் தேசியக் கட்சியை லேபர் வென்றது வெறும் 556 வாக்குகளால். கல்லாவடியில் நின்று கணக்குப் பார்த்தேன். எங்கள் வீதியையும் பக்கத்து இரண்டு வீதிகளையும் கூட்டினால் 556 பேர் வரமாட்டார்களா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போது எங்களிடம் வந்து இரண்டு வருடம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து விட்டுச் சொன்னா: "எழுபதிலை அமிர் வட்டுக்கோட்டையிலை தோத்தது உனக்கு நினைவிருக்காது. அப்பா போய்ப் போட்டவர். நான் நெல்லு அவிச்சுக் காயப் போட்டிருந்தனான். அவர் வெல்லுவார்தானே எண்டு போகேல்லை."

அமிர்தலிங்கம் அன்று ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் தோற்றார். வென்றவர் காரைநகர் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த ஆ. தியாகராசா. அது பொதுத் தேர்தல்தான். எத்தனை வீட்டில் அன்று நெல் அவித்தார்களோ!

காங்கேசன்துறை இடைத்தேர்தல் வேறு விதம். 1972இல் தந்தை செல்வா பதவி துறந்து சவால் விட்டார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் தேர்தலை வைத்தது. அவர் வெல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சனம் திரண்டு போனது. பெரும்பான்மை 16,470. வெல்வது மட்டுமல்ல, எத்தனையால் வெல்வது என்பதும் கொழும்புக்கு ஒரு சேதி என்று அந்தச் சனத்துக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது லண்டனில், பெற்றோல் நிலையத்தில்தான் விளங்கியது.

நியூஹாம் கவுன்சிலைப் பார்த்தால் அண்ணையின் வாதம்தான் வெகுகாலம் நிலைத்தது. 2010, 2014, 2018 மூன்று தேர்தல்களிலும் அறுபது ஆசனங்களில் அறுபதும் லேபருக்கே. 2022இல் பச்சைக் கட்சிக்கு இரண்டு போனது. பிறகு 2023 யூலை 13ஆம் திகதி இரண்டு வட்டாரங்களில் இடைத்தேர்தல். வோல் எண்ட் வட்டாரத்தை லேபர் தக்க வைத்துக் கொண்டது. பொலின் வட்டாரத்தில், வெஸ்ற்ஹாமின் பழைய உதைபந்தாட்ட மைதானம் இருந்த பக்கத்தில், மெஹ்மூத் மிர்சா என்ற சுயேச்சை வேட்பாளர் லேபரை விழுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் பிளெய்ஸ்ரோ வடக்கும் ஒரு சுயேச்சையிடம் போனது.

அண்ணை அப்போது பொலின் வட்டாரத்தில்தான் இருந்தார். மறுநாள் ரெலிபோன் எடுத்தேன்.

"தும்புத்தடி விழுந்திட்டுதாம் அண்ணை."

"ஓமடாப்பா. நான் போனனான். வந்த காட்டை மட்டும் கொண்டு போனன். படம் போட்ட அடையாள அட்டை இல்லாமல் இப்ப போடேலாதாம். எடுத்துக் கொண்டு வாங்கோ எண்டு மரியாதையாய்த்தான் சொன்னவை. வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சன். பிறகு ஏன் திரும்பிப் போவான் எண்டு இருந்திட்டன்."

படிவத்தைக் கிழித்தவர் முப்பது வருடம் கழித்துத் தானாகவே நடந்து போயிருக்கிறார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆருக்குப் போட நினைத்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

2024 மே 2ஆம் திகதி லண்டன் மேயர் தேர்தல். அம்மாவை நான்தான் கூட்டிப் போனேன். அவவின் இலங்கைக் கடவுச்சீட்டை மேசையில் இருந்த பெண் பிரித்துப் படத்தைப் பார்த்தா, அம்மாவைப் பார்த்தா, சீட்டைக் கொடுத்தா. அம்மா இடக்கைச் சின்னவிரலை நீட்டிக் கொண்டு நின்றா.

"மை பூசேல்லையோ?"

"இங்கை மை இல்லை அம்மா."

தடுப்புக்குள் போனவ உடனேயே தலையை வெளியே நீட்டினா. "தம்பி, பென்சில் கட்டி வைச்சிருக்கினம். அழிச்சுப் போடமாட்டினமோ?"

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் சட்டைப் பையில் வேலைக்குக் கொண்டு போகிற நீலப் பேனை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.