மூடிக்கு அடியில் இருந்த வெள்ளைப் பசை

கலைப்பீடத்துப் பிள்ளைகள் எஞ்சின் பற்றி என்னத்தை எழுதப்போறீங்கள் எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வாகனத்தைத் திறந்து வைத்தால் அண்ணாமாரும் மாமாமாரும் சுற்றி நின்று கதைப்பார்கள். எங்களுக்கு அங்கே இருக்கிற ஒரே வேலை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறது. இந்த ஒழுங்கைக் கொஞ்சம் குழப்பிவிட்டது, எங்கள் நாலு பேரில் ஒருத்தியின் அப்பா வைத்திருக்கிற பழைய டொல்பின் வானின் ஒயில் மூடி.

முதலில் மூடியின் வேலையைச் சொல்லிவிடுகிறோம். எஞ்சினின் தலைப்பகுதியில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்துதான் ஒயில் விடுவார்கள். விட்ட ஒயில் கீழே போய்த் தேங்கும். பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். எஞ்சின் ஓடும்போது உள்ளே ஒயில் விசிறி அடித்துக்கொண்டே இருக்கும். மூடி இல்லாவிட்டால் அது வெளியே தெறிக்கும், வெளியிலிருந்து புழுதி உள்ளே போகும். ஒயிலோடு சேர்ந்த புழுதி, அரத்தைப் போல இரும்பைத் தேய்க்கும். பெற்றோல் கார்கள் பலவற்றில் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் வடிகட்டாத காற்றும் உள்ளே இழுபட்டு, நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் நடுங்கும்.

இனி வானின் கதை. அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான். வீட்டில் ஒரு அவசரச் செலவுக்காக அப்பா அதை விற்க நினைத்தார். பார்க்க வந்தவர் நேரே முன் சீற்றைத் தூக்கினார் (டொல்பினுக்கு எஞ்சின் அங்கேதான்). ஒயில் மூடியைத் திருகி எடுத்து அப்பாவிடம் நீட்டினார். மூடியின் அடியில் ரின்பால் மாதிரி வெள்ளைப் பசை.

"ஹெட் காஸ்கற் போட்டுது அண்ணை. தண்ணி ஒயிலுக்குள்ள போகுது. ரெண்டு இலட்சம் குறைச்சாத்தான் சரிவரும்."

அரை நிமிசத்தில் இரண்டு இலட்சம். அப்பா ஒன்றும் பேசவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டு மட்டும் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாங்களும் அவரோடு கராச்சுக்குப் போனோம்.

மெக்கானிக் அண்ணை சிரித்தார். அந்தப் பசைக்கு இரண்டு காரணம் இருக்கலாம் எண்டார். ஒன்று, வந்தவர் சொன்னது: காஸ்கற் பழுதாகி றேடியேற்றர் தண்ணீர் ஒயிலோடு கலப்பது. மற்றது சாதாரணம். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் ஒயில் இருக்கிற பக்கம் கசியும். நீண்ட தூரம் ஓடினால் எஞ்சின் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியே போய்விடும். மாரி காலத்தில் இரண்டு கிலோமீற்றர் ஓடி நிற்பாட்டினால் போகாது. மூடி மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் அதில் படிந்து, ஒயிலோடு கலந்து வெள்ளையாகும். எங்கட வான் ஓடுகிற ஓட்டம் அதுதான்.

எது எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தோம். ஒயில் பால் நிறமாக மாறவில்லை. றேடியேற்றர் தண்ணீர் குறையவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. "மூடியைத் துடைச்சுப்போட்டு கிளிநொச்சி வரைக்கும் ஓடிட்டு வாங்கோ. பிறகு ரெண்டு கிழமை தண்ணி மட்டத்தைப் பாருங்கோ" எண்டார். பார்த்தோம். பசையும் திரும்ப வரவில்லை, தண்ணீரும் குறையவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்ப வழி விட்டார்கள். அதுவும் பெரிய வரியோடு. அதனால் பழைய வாகனம்தான் எங்கட சனத்தின் சேமிப்பு, சீதனம், தொழில் எல்லாம். அதன் விலையை ஒரு மூடியைக் காட்டி இறக்க முடியுமெண்டால், அந்த மூடியை வாசிக்கத் தெரியாமல் இருப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அப்பாவின் தலைமுறை இதை மூக்காலேயே வாசித்திருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முழுக்க எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கும். மூடியைத் திறந்தால் மணக்கும். கம்பியில் ஒயில் மட்டம் ஏறியிருக்கும். "ஒயில் கூடினா சந்தோசப்படக் கூடாது, பயப்பட வேணும்" எண்டு அப்பா சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கணக்கு இப்போதும் சரி.

அடுத்ததாக வான் பார்க்க வந்தவருக்கு எங்கள் சிநேகிதிதான் சீற்றைத் தூக்கிக் காட்டினாள். "தங்கச்சி, அப்பா இல்லையோ?" எண்டு கேட்டார். "இருக்கிறார். நீங்கள் கேக்கிறதை என்னட்டக் கேளுங்கோ" எண்டாள். அவர் கேட்டார், அவள் சொன்னாள். வான் நியாயமான விலைக்குப் போனது.

உங்கட வீட்டு வாகனத்திலும் பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்க வேணும். திறக்க முதல் மூடியைச் சுற்றித் துடையுங்கோ, இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கோ, சின்னச் செலவுதான். கையால் இறுக்கினால் போதும், சாவி போட வேண்டாம். மூடி தொலைந்தால் சீலைத் துண்டைச் செருகிவிட்டு ஓடாதேங்கோ, அது உள்ளே போனால் எஞ்சினுக்குத்தான் கேடு. கறுப்பாய்க் கட்டிபட்ட ஒயில் தெரிந்தால் சேர்விஸ் பிந்திவிட்டது எண்டு அர்த்தம். வெள்ளையாய்த் தெரிந்தால் பதறாமல் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கோ. விலை பேசுகிறது அதற்குப் பிறகு.