பாதரசம் இருந்த இடத்தில்

பொன்மீது நமக்குள்ள மதிப்பெல்லாம் அது எதனோடும் எளிதில் சேராது என்பதனால் வந்தது. துருப்பிடிக்காது, கறுக்காது, சாதாரண அமிலங்களுக்கு அசையாது. வேதியியலாளர்களும் நெடுங்காலம் அதை வினையூக்கியாகப் பயன்படாத சோம்பேறி உலோகமென்றே எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் மாறிய வரலாற்றைப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது பொன்னல்ல. அது வந்தமர்ந்த இடம்.

அசிட்டிலீனில் இரண்டு கார்பன் அணுக்கள் முப்பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. இத்தகைய பிணைப்புடைய சேர்மங்களை ஆல்கைன்கள் என்கிறோம். நீர் தானாக அவற்றோடு சேர்வதில்லை. அப்பிணைப்பின் எலெக்ட்ரான்களைச் சற்றே தன்பக்கம் இழுத்துப் பிடிக்க ஓர் உலோகம் வேண்டும். பல்லாண்டுகள் அவ்வேலையைச் செய்தது பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை 1932 முதல் இவ்வழியில்தான் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. உடன் விளைந்த மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்து, மீனில் சேர்ந்து, அதைத் தின்ற பூனைகளின், மனிதர்களின் நரம்புகளைச் சிதைத்தது. கருவிலிருந்த சிசுக்களையும் அது விடவில்லை. நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956இல். அந்த உற்பத்தி நின்றதோ 1968இல்.

பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடையும் அசிட்டிலீனிலிருந்து பாதரசத்தின் துணையோடுதான் தயாரித்துவந்தார்கள். அவ்வினைக்குப் பொன்னே மிகச்சிறந்த ஊக்கியாக இருக்குமென 1985இல் கணித்தார் பிரிட்டனைச் சேர்ந்த கிரஹாம் ஹட்சிங்ஸ். சோதனைகள் பின்னர் அதை மெய்ப்பித்தன. 1991இல் ஜப்பானியரான ஃபுகுடாவும் உட்டிமோட்டோவும் பொன்னுப்பைக் கொண்டு ஆல்கைன்களில் நீரைச் சேர்த்துக் காட்டினார்கள். மினமாட்டாவில் பாதரசம் செய்த அதே வகை வேலை.

இங்கே வினைபுரிவது மோதிரத்துப் பொன்னல்ல, எலெக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெற்ற பொன். அதன் கனத்த கருவைச் சுற்றி உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தின் பாதிக்கும் மேலான வேகத்தில் விரைகின்றன. சார்பியல் விதிப்படி சில வட்டங்கள் சுருங்குகின்றன. பொன்னயனுக்கு எலெக்ட்ரான் வேட்கை மிகுகிறது. பொன்னுக்கு மஞ்சள் நிறம் தருவதும் இதே சார்பியல் விளைவுதான். நாம் கண்டு மயங்கும் நிறமும் ஆய்வுக்கூடத்தின் வினைத்திறனும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை!

தனிம அட்டவணையில் பொன் 79, பாதரசம் 80. பாதரசத்தைப் பொன்னாக்க முயன்ற ரசவாதிகள் தோற்றார்கள். இவர்களோ ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அமர்த்தினார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட உலக ஒப்பந்தம் மினமாட்டாவின் பெயரையே தாங்கியிருக்கிறது.

பொன் விலை அதிகமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. பாதரசம் மலிவாகத்தான் இருந்தது. அதன் முழு விலையை ஆலையின் கணக்கேட்டில் எழுதவில்லை. மீனவர்கள் தம் உடலால் கொடுத்தார்கள்.