முகவரி கேளாத கூடம்

புதிதாக ஒருவர் நம் சங்கத்தின் வாயிலில் வந்து நின்றால், நாம் முதலில் கேட்பது "எந்த ஊர்? எங்கே வேலை?" என்பதுதான். அயல் மண்ணில் வாழ்வோர்க்கு அக்கேள்வியே ஓர் அரவணைப்பு. ஆயினும் அக்கேள்விக்கு அஞ்சியே நாங்கள், கணவனும் மனைவியுமாக, ஆறு ஆண்டுகள் சங்கத்தின் படி ஏறாதிருந்தோம். மும்பையில் எங்களுடன் வாழும் தம்பி குடிநோய்க்கு ஆட்பட்டிருந்தார். அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம்.

மறைப்பதில் நாங்கள் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தோம். அவருடைய அலுவலகத்திற்குக் 'காய்ச்சல்' என்று தொலைபேசியில் சொன்னோம். ஊரிலிருக்கும் அம்மாவிடம் 'வேலை மிகுதி' என்றோம். மாட்டுங்காவில் அவர் வைத்த கடன்களை ஓசையின்றி அடைத்தோம். அறிவுரை, அழுகை, சன்னிதியில் சத்தியம் எதுவும் பயன் தரவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே 93ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதன் பத்துக் குறள்களையும் எங்களைவிடத் தம்பி பிழையின்றி ஒப்புவிப்பார். அவருக்குக் குறைவாய் இருந்தது அறிவன்று என்பதை உணர எங்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஒரு சித்திரை மாதத்தில் அவர் தாமாகவே குடியை அறவே நிறுத்தினார். மகிழ்ந்தோம். இரண்டாம் நாள் இரவு கைகள் நடுங்கின, வியர்வை பெருகிற்று, சுவரெங்கும் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். மருத்துவமனையில் சேர்த்தோம். பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும், உயிருக்கே ஊறு நேரக்கூடும், மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். ஒரு வாரம் கழித்து வீட்டிற்கு அனுப்பும்பொழுது, மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

அச்சீட்டு மூன்று வாரம் நாள்காட்டியின் பின்னே கிடந்தது. பின்னர் ஒரு மாலை, தம்பியே எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் பேசியவர் பெயர் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை. அருகிலுள்ள இரயில் நிலையம் எது என்று மட்டும் கேட்டுக் கூட்டத்தின் இடமும் நேரமும் சொன்னார். "வாசலில் நான் நிற்பேன்" என்றார். சொன்னபடியே நின்றார்.

தேவாலயம் ஒன்றை அடுத்த பள்ளி அறை அது. சிறுவர் அமரும் பலகைகளில் பெரியவர்கள் இருபது பேர்: டாக்சி ஓட்டுநர், வங்கி அதிகாரி, ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி. குடும்பத்தாரும் அமரலாம் என்ற கூட்டமாதலின் நாங்களும் அமர்ந்தோம். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இவ்வமைப்பு, 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பங்கு வணிகர் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்துப் பேசியதிலிருந்து முளைத்தது. இருவருமே குடிநோயாளிகள். சேர்வதற்கு வேண்டிய ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்னும் விருப்பம். சந்தா இல்லை. வெளியார் நன்கொடையும் ஏற்பதில்லை. உறுப்பினர் இடும் காசிலேயே வாடகையும் தேநீரும்.

அங்கே யாரும் யாருக்கும் அறிவுரை கூறவில்லை. அவரவர் தம் கதையை மட்டும் சொன்னார்கள். தம்பி இரண்டு கூட்டங்களில் தரையைப் பார்த்தபடியே இருந்தார். மூன்றாவதில் எழுந்தார். இந்தியில் தொடங்கியவர் நடுவில் தமிழுக்கு வந்துவிட்டார். எங்கள் இருவரையன்றி அதனைப் புரிந்துகொண்டவர் எவருமில்லை. ஆயினும் எவரும் தடுக்கவில்லை. "அண்ணி பீரோவில் வைத்த வளையலை எடுத்தவன் நான்தான்" என்றார்.

அவ்வளையலுக்காக வீட்டு வேலை செய்த பெண்ணை ஐயுற்று நிறுத்தியிருந்தோம். அடுத்த ஞாயிறன்று மூவரும் அவர் குடிசையைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். நின்றுபோன மாதங்களின் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டார். மீண்டும் வேலைக்கு வர மறுத்துவிட்டார். அதுவும் நியாயமே.

நான்காம் மாதம் ஊரில் ஒரு திருமணத்திற்குச் சென்ற தம்பி, குடித்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் மறுபடியும் 'காய்ச்சல்' சொல்லத் தொலைபேசியை எடுத்தோம். எடுத்த கையை இறக்கினோம். குடிநோயாளியின் குடும்பத்தார்க்கென 1951இல் தோன்றிய 'அல்-அனான்' கூட்டங்களுக்கு அதற்குள் செல்லத் தொடங்கியிருந்தோம். எங்கள் பொய்கள் அவர் நோய்க்கு நிழல் தந்தன என்பதை அங்கேதான் கற்றோம். அலுவலகத்திற்குத் தம்பியே உண்மையைச் சொன்னார். வியாழனன்று கூட்டத்திற்குச் சென்றபொழுது, வாசலில் நின்ற அதே மனிதர் ஒன்றும் கேளாமல் ஓர் இருக்கையை இழுத்துப் போட்டார். நாட்கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது.

இவ்வழி எல்லார்க்கும் பலிக்கும் என்று நாங்கள் சொல்லோம். எங்கள் தம்பி இன்று குடிக்கவில்லை. நாளையைப் பற்றி அவரும் பேசுவதில்லை.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் அறிவிப்புப் பலகையில் வாடகை வீடு, மணமகள் தேவை, பஜனை நேரம் எல்லாம் இடம்பெறுகின்றன. அவற்றின் அருகே, இவ்வட்டாரத்தில் இக்கூட்டங்கள் நடைபெறும் இடத்தையும் நேரத்தையும், போதை மீட்புக்கான அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446ஐயும் ஒரு தாளில் எழுதி ஒட்டுவோம். அதன் முன் நின்று படிப்பவர் யாரென்று நாம் திரும்பிப் பார்க்க வேண்டா.