போயிட்டு வா, ஆத்மஜா!

காடைன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் பாஸ்? எனக்கு புரோட்டா கடை போர்டுதான். 'காடை ஃப்ரை, காடை சிக்ஸ்டி ஃபைவ்'. அதெல்லாம் பண்ணையில் வளர்ந்த ஜப்பான் காடை. கூண்டில் பிறந்து குழம்பில் முடியும் ஜாதகம். அதன் காட்டு உறவுக்காரக் காடை ஒன்று, ராத்திரியோடு ராத்திரியாகக் கருங்கடலைத் தாண்டி வந்து, மூச்சு வாங்க ஒரு மக்காச்சோளக் கொல்லையில் இறங்கும், அதைப் பார்க்க நான் விமானம் ஏறிப் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், 'போடா டேய்' என்றிருப்பேன்.

ஆனா, போனேன்! டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு பாதி. அப்பாவிடம் 'கடன்' என்று சொல்லி வாங்கிய (இன்னும் திருப்பித் தராத) காசு மீதி. எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிற பையன் பருந்து எண்ணப் போறான் என்றதும் எங்க ஹாஸ்டலே சிரித்தது. 'எண்ணி முடிச்சிட்டு வானத்துல ஸ்டாரையும் எண்ணிட்டு வா மச்சி!'

போன இடம், ஜார்ஜியா நாட்டின் பதூமி. மேற்கே கருங்கடல், கிழக்கே மலை. பருந்து வகையறாவுக்குக் கடல் என்றாலே அலர்ஜி. வெயிலில் தரை சூடாகி மேலே கிளம்பும் காற்றில் 'லிஃப்ட்' கேட்டுப் போகிற கூட்டம் அது. தண்ணீருக்கு மேல் அந்த லிஃப்ட் சரியாகக் கிடைக்காது. அதனால் வடக்கே குளிர் ஆரம்பித்ததும் எல்லாம் இந்தச் சந்து வழியாகத்தான் தெற்கே போகும். திருவிழாவில் தேர் வரும் தெரு மாதிரி நெரிசல். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பத்து லட்சத்துக்கும் அதிகமான இரைகொல்லிப் பறவைகள்! 2008-லிருந்து உலகம் முழுக்க இருந்து வருகிற வாலன்டியர்கள் மலை உச்சியில் நின்று இதை எண்ணுகிறார்கள். கையில் ஒரு கவுன்ட்டர். பறவைக்கு ஒரு சொடுக்கு. சாயங்காலம் கட்டைவிரல் தனியாகக் கழன்று வந்துவிடும்.

ஆனால் மேலே பறவை, கீழே துப்பாக்கி. இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லவில்லை. இந்தச் சந்தில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஆயிரக்கணக்கான பறவைகள் சுடப்படுகின்றன. ஒருநாள் நான் 'ஒண்ணு' என்று சொடுக்கிய பறவை, அடுத்த நொடி கல்லு மாதிரி கீழே போனது. கவுன்ட்டரில் கூட்ட பட்டன் இருக்கிறது, கழிக்க பட்டன் இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, கூட எண்ணிக்கொண்டிருந்த துருக்கிக்காரத் தோழி சொன்னாள்: "எங்க தாத்தா அத்மஜா பிடிப்பார். பார்டர் தாண்டினா எங்க ஊர். வர்றியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரைப் பிடிப்பார்?"

எங்க கிளாஸில் ஒரு ஆத்மஜா இருக்கிறாள் சார்! நம்ம பக்கம் அந்தப் பேருக்கு 'மகள்' என்று அர்த்தம். துருக்கியிலோ அத்மஜா என்றால் ஒரு வேட்டைப் பறவை. நம்ம ஊர் வல்லூறுக்குப் பெரியப்பா பொண்ணு. மஞ்சள் கண், மெல்லிசுக் கால், புறாவைவிடக் கொஞ்சம் நீளம். ரிஸெ ஊர் ஃபுட்பால் டீமுக்கு இதுதான் பட்டப்பேர். துருக்கிக் கப்பற்படையின் ஏவுகணைக்கும் இதே பேர்.

பிள்ளைப்பூச்சியில் ஆரம்பம்

பதூமியிலிருந்து அரை மணி நேரத்தில் ஸார்ப். 1921-ல் எல்லைக்கோடு இந்தக் கிராமத்தின் நடுவில் விழுந்தது. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். பல வருஷம் பூட்டிக் கிடந்த கதவு 1988-ல்தான் திறந்தது. இரண்டு பக்கமும் லாஸ் மக்கள். அவர்கள் மொழி ஜார்ஜிய மொழிக்குச் சொந்தம், துருக்கிக்கு இல்லை. நாங்கள் ஏறிய மினி பஸ்ஸில் காஸிம் கொயுன்ஜு பாடிக்கொண்டிருந்தார். லாஸ் மொழியை ராக் இசைக்குள் கொண்டுவந்த ஹோபா ஊர்க்காரர். 2005-ல், 33 வயதில் கேன்சரில் போய்விட்டார். பஸ்ஸில் பாதிப் பேர் இன்னமும் கூடவே பாடுகிறார்கள்.

அர்ஹாவிக்கு மேலே ஒரு மலைக் கிராமம். குன்னூரை அப்படியே தூக்கிக் கடற்கரையில் வைத்த மாதிரி தேயிலைச் சரிவு. காலடியில் கடல். மழை? சென்னையில் ஒரு வருஷம் பெய்வதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இந்தப் பக்கம் கொட்டுகிறது. தாத்தாவை 'தெதெ' என்கிறார்கள். கூப்பிட எனக்குக் கஷ்டமே இல்லை, ஒரு எழுத்துதான் வித்தியாசம். வந்ததும் இடுப்பு சிறுத்த கண்ணாடி கிளாஸில் டீ. அப்புறம் சோளமாவு, வெண்ணெய், சீஸ் போட்டுக் கிண்டிய முஹ்லாமா. இழுத்தால் நூல் நூலாக வரும். நம்ம பேத்திதான் மொழிபெயர்ப்பு.

வேட்டை எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? நம்ம பிள்ளைப்பூச்சியில்! ஆகஸ்டில் ஈர மண்ணைத் தோண்டிப் பிள்ளைப்பூச்சி பிடிக்கிறார்கள். அதைக் காட்டிக் கீச்சான் குருவியைப் பிடிக்கிறார்கள். அந்தக் கீச்சானை ஒரு குச்சி நுனியில் உட்காரப் பழக்கி, அதைக் காட்டி அத்மஜாவைப் பிடிக்கிறார்கள். அத்மஜாவை வைத்துக் காடை. பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்ச கதையை நான் அங்கேதான் நேரில் பார்த்தேன்.

விடியற்காலை மலை முகட்டில் இலை தழையால் மூடிய ஒரு சின்னக் குடிசை. உள்ளே தெதெ, பேத்தி, நான். முன்னால் கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலை. தெதெ குச்சியை லேசாக ஆட்ட, கீச்சான் சிறகடிக்கிறது. மூன்று மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. செமஸ்டர் எக்ஸாம் ஹாலில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. திடீரென்று 'விஷ்ஷ்' என்று ஒரு சத்தம். வலைக்குள் பழுப்பாக ஏதோ துடிக்கிறது. தெதெ பாய்ந்து போய் இரண்டு கையாலும் பொத்தி எடுத்தார். புரட்டிப் பார்த்தார். 'ஆண்' என்று சொல்லி அப்படியே காற்றில் விட்டுவிட்டார்!

ஏன்? இந்த இனத்தில் பொண்ணுதான் வாட்டசாட்டம். ஆண் 150 கிராம்தான், பெண் 300 கிராம் வரை வரும். காடையே 100 கிராம் இருக்கும். அதனால் அந்த வருஷம் பிறந்த பெண்தான் வேண்டும். இதற்கும் அரசாங்க அனுமதிச் சீட்டு உண்டு. கண்டவர்கள் கண்டபடி பிடிக்க முடியாது. இரண்டாவது நாள் சிக்கினாள் ஒருத்தி. மஞ்சள் கண்ணால் என்னை அவள் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பயமே இல்லை. வெறும் கோபம்.

டீக்கடையில் ட்ரெயினிங்

நான் பதூமிக்குத் திரும்பிவிட்டேன். போனில் தினம் அப்டேட் வந்தது. 'தெதெ அவளோட தூங்கறதே இல்லை', 'இன்னிக்கு டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார்', 'கையில இருந்து சாப்பிட்டா!' பழக்குவது என்றால் அதுதான். அடி கிடையாது, மிரட்டல் கிடையாது. மனுஷச் சத்தம், சீட்டுக்கட்டு, டி.வி., சிகரெட் புகை எல்லாவற்றுக்கும் நடுவில் அவளைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். 'இந்தக் கிழவனால நமக்கு ஆபத்து இல்லை, சாப்பாடுதான்' என்று அவளுக்கே தோன்றும்வரை. ஒரு வாரம், பத்து நாளில் கூப்பிட்டால் கைக்கு வருகிறாள். நான் வளர்த்த நாய்கூட அவ்வளவு சீக்கிரம் என் பேச்சைக் கேட்டதில்லை!

அக்டோபரில் மறுபடி போனேன். முந்தின ராத்திரி நல்ல மழை. மழை அடித்தால் கடல் தாண்டும் காடைகள் கரையிலேயே இறங்கிவிடும் என்பது ஊர்க்கணக்கு. காலையில் கொல்லைக்குக் கிளம்பினோம். பாதிப் பேர் கம்பால் புதரைத் தட்டிக்கொண்டே நடக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டு நாய் துணை. செட்டர் வகை. காது தொங்க, மூக்கைக் காற்றில் தூக்கிக்கொண்டு ஓடியது, சட்டென்று சிலை மாதிரி நின்றது. வால் நேராக. ஒரு கால் அந்தரத்தில். குரைக்கவில்லை, பாயவில்லை. 'இங்கதான் இருக்கு' என்று உடம்பாலேயே சொல்கிறது. காடையும் லேசில் கிளம்பாது, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்ளும். நாய், காடை, மனுஷன் மூணும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பத்து விநாடி இருக்கிறதே... சான்ஸே இல்லை!

தெதெ அவளை உள்ளங்கையில் படுக்க வைத்திருந்தார், ஈட்டி பிடிக்கிற மாதிரி. ஒரு அடி முன்னால் வைத்தார். 'படபட'வென்று காடை வெடித்துக் கிளம்பியது. கையை வீசினார். துருக்கியில் 'அத்மக்' என்றால் எறிவது, பேரே அங்கிருந்து வந்ததுதான் என்கிறார் அவர். ரெண்டு சிறகடிப்பு, ஒரு திருப்பம், புல்லுக்குள் மறைந்தாள். காலில் கட்டிய சின்ன மணி எங்கே கிணுகிணுக்கிறதோ அங்கே ஓடினோம். காடை அவள் காலுக்கடியில். தலை அவளுக்கு, உடம்பு தெதெயின் பைக்கு. அன்றைக்கு மொத்தம் நாலு. தப்பித்தது ஆறோ ஏழோ.

நான் கேட்ட கேள்வி

பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த ஓட்டத்தில் எனக்கும் ரத்தம் சூடாகியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சாயங்காலம் கேட்டுவிட்டேன். "தெதெ, பார்டருக்கு அந்தப் பக்கம் சுடறாங்க. நீங்க வலை போட்டுப் பிடிக்கிறீங்க. என்ன வித்தியாசம்?"

பேத்தி மொழிபெயர்க்கத் தயங்கினாள். அவர் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார்.

"துப்பாக்கிக்காரனுக்குப் பறவை செத்த பிறகுதான் கையில கிடைக்கும். எனக்கு உயிரோட வேணும்பா. சீசன் முடிஞ்சதும் விட்டுடுவேன். எங்க அப்பாவும் விட்டார், அவங்க அப்பாவும் விட்டார்."

"அப்போ அந்தக் கீச்சான்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதையும்தான் விடுவேன்" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. அதன் சொந்தக்காரக் கீச்சான்கள் எல்லாம் அப்போது ஆப்பிரிக்கா நோக்கி வெகுதூரம் போயிருக்கும். இது மட்டும் லேட்டாகக் கிளம்பணும், தனியாக. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வேட்டை சரி என்று நான் சொல்லவே மாட்டேன். நம்ம நாட்டில் 1972-லேயே வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பறவையை வெறுத்துச் சுடுகிறவனையும், பறவைக்காக ராத்தூக்கம் விடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்க அன்றைக்கு என்னால் முடியவில்லை.

கடைசி நாள்

நான் ஊருக்குக் கிளம்பும் முன்னால் மூன்றாவது தடவை போனேன். ஒரு வாரமாக அவளை வேட்டைக்கே எடுக்கவில்லையாம். வெறும் சாப்பாடு. பயணத்துக்கு உடம்பு தேற வேண்டும் இல்லையா? பொண்ணு ஹாஸ்டலுக்குப் போகும்போது நம்ம வீட்டில் முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டுகிற கதைதான். டீக்கடையில் ஒருத்தர், "இவ்வளவு நல்ல பறவை, அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கோ" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தெதெ சிரித்தார். "பனிக்காலம் பூரா கூண்டுல இருந்தா அது அத்மஜா இல்லப்பா, கோழி."

முகட்டுக்குப் போனோம். தெதெ சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். மணியைக் கழற்றினார். கால் வாரை வெட்டினார். கை நடுங்கியது. வயசா, வேறு ஏதாவதா, நான் கேட்கவில்லை. உள்ளங்கையில் அதே மாதிரி படுக்க வைத்தார். ஆனால் இந்தத் தடவை எறியவில்லை. கையை மட்டும் திறந்தார். ஒரு விநாடி அவள் போகவே இல்லை. திரும்பிப் பார்த்தாளோ என்னவோ, எனக்கு அப்படித்தான் பட்டது. அப்புறம் தேயிலைச் சரிவுக்கு மேலே தாழப் பறந்து, மேலேறி, தெற்கே புள்ளியானாள்.

"குலெ குலெ" என்றார் தெதெ. கிளம்புகிறவர்களுக்கு நிற்கிறவர்கள் சொல்லும் வார்த்தை. 'சிரிச்சுக்கிட்டே போ' என்று அர்த்தமாம். சொன்னவர் சிரிக்கவில்லை.

பிரிட்டனில் செய்த ஆய்வுகளின்படி இந்தப் பறவைகளில் மூன்றில் இரண்டு முதல் வருஷத்தையே தாண்டுவதில்லை. அவள் தாண்டினாளா? தெரியாது. செப்டம்பரில் நான் மலை மேல் நின்று போட்ட ஆயிரக்கணக்கான சொடுக்குகளில் ஒன்று அவளாகவே இருந்திருக்கலாம். அப்போது அவள் ஒரு நம்பர். இப்போது ஹாஸ்டல் தண்ணீர் டேங்க் மேல் வல்லூறு வந்து உட்கார்ந்தால், மஞ்சள் கண்ணைத்தான் முதலில் தேடுகிறேன்.

தெதெ கேட்டார், "உங்க ஊர்ல கிளம்பறவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

'போ' என்று மட்டும் நாங்க சொல்ல மாட்டோம் தெதெ என்றேன். திரும்பி வரவே மாட்டாள் என்று தெரிந்தாலும், வாசலில் நின்று 'போயிட்டு வா' என்றுதான் சொல்வோம்.

பேத்தி மொழிபெயர்த்தாள். தெதெ வானத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாக, திக்கித் திக்கித் தமிழிலேயே சொன்னார்.

"போ...யி...ட்டு... வா."