சாவி என் சட்டைப் பையில் இருந்தது

பழைய வீடியோ கேம் சேர்ப்பதும் ஹெவி மெட்டல் கேட்பதும் என் இரண்டு பித்துகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் வேலை பார்த்துக்கொண்டே இரண்டையும் வளர்த்தவன் நான். இரண்டைப் பற்றியும் எனக்கு வெட்கமில்லை. இங்கே நான் ஒப்புக்கொள்ள வந்தது வேறு. என் சேகரிப்புக்கு ஒரு பெட்டி வேண்டும் என்ற ஆசையில் ஒரு பையனை நிற்கக்கூடாத இடத்தில் நிற்க வைத்தேன். அவன் விரல்கள் போயின. பிறகு, நான் நேசிக்கும் இசையிலிருந்தே ஒரு கதையை எடுத்துச் சொல்லி அவனைத் தேற்றப் போனேன்.

தொண்ணூறுகளில் பொன்னேரியில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவி கேம்தான். பக்கத்து வீட்டு அண்ணன் மஞ்சள் கேசட்டை எடுத்து, அடியில் வாயால் ஊதிச் செருகுவார். மரியோ வரும், கான்ட்ரா வரும். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விற்ற ஃபேமிகாமின் நகல் அது என்று வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அசல் எங்கள் கைக்கு வந்ததே இல்லை. சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் அந்த அசலைத் தேடிப் புறப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை யூனிட் ரயில் பிடித்து பர்மா பஜார், ரிச்சி தெரு என்று அலைவேன். சிப்காட்டைச் சுற்றியுள்ள காயலான் கடைகளில் உடைந்த டிவி போர்டுகளுக்கு நடுவே கை விட்டுத் துழாவுவேன். வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தில் கேசட்டின் பின்கள் அரித்துப்போகும் என்று கற்றுக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பின்னாகத் துடைக்கப் பழகினேன்.

டக் ஹண்ட் என்ற வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கிக்காகவே ஒரு பழைய குண்டு டிவியை வைத்திருக்கிறேன். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை, அது பார்க்கத்தான் செய்யும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். இன்றைய தட்டை டிவிகளில் படம் கொஞ்சம் தாமதித்து வருவதால் இந்தக் கணக்கு ஒத்துவராது. இப்படி ஒவ்வொன்றின் உள்ளேயும் புகுந்து பார்ப்பதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் நிஜமானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மெட்டல் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் வந்தது. சீனியர் ஒருவரின் வாக்மேனில் மெட்டாலிகாவின் 1991 கறுப்பு ஆல்பம் கேட்ட இரவோடு மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு ஸ்வீடனிலிருந்து ஓபெத் குழு வந்தபோது கூட்டத்தில் நின்றேன். 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் மைதானத்தில் மெட்டாலிகா. இரண்டு நாள் முன்பு குர்கானில் அவர்கள் கச்சேரி ரத்தாகியிருந்தது. இங்கேயும் நடக்காமல் போய்விடுமோ என்ற பயத்தோடு ரயில் ஏறினேன். நடந்தது.

இந்த இசை எனக்கு அந்நியமாகப் பட்டதே இல்லை. அது பிறந்த பிர்மிங்ஹாம் எங்கள் ஊர் மாதிரிதான்: ஃபவுண்டரி, பிரஸ், ஷிஃப்ட் சங்கு. பிளாக் சபத்தின் ஆஸி ஆஸ்போர்ன் கார் ஹாரன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜூடாஸ் பிரீஸ்டின் கிளென் டிப்டன் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்தில் இருந்தவர். 1980இல் அந்தக் குழு தன் ஆல்பத்துக்கு அந்தப் பெயரையே வைத்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து ஜி.என்.டி. ரோட்டில், ரோலிங் மில்களின் புகைக்கு நடுவே வண்டி ஓட்டும்போது, காதில் ஒலிப்பதை என்னைப் போன்றவர்கள்தான் செய்தார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

எல்லோருக்கும் நான் சொல்லும் கதை பிளாக் சபத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியுடையது. 1965இல் பதினேழு வயது. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் கடைசி நாள். மறுநாள் முதல் முழுநேர இசைக்காரராகப் போகிறார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக வேண்டாமென்று நினைத்தார், அம்மாதான் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். பிரஸ் இறங்கி வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. இடது கையால் மீட்டுகிறவருக்கு நரம்புகளை அமுக்கும் கை அதுதான். முடங்கிக் கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டோடு வந்தார். ரெய்ன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் கிட்டாரில் உச்சம் தொட்டவர். அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய நரம்பு போட்டார், பிறகு நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனமான ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். பிளாக் சபத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13இல் வந்தது.

எங்கள் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் ஒரு தம்பி இருந்தான், ஆரம்பாக்கம் பக்கத்துப் பையன். பீஸ்களில் பிசிர் எடுக்கும் வேலை. நான் ஏதோ பாட்டைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “இன்னாண்ணா இது?” என்று கேட்டு ஒட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்து கான்ட்ரா ஆடுவான். மேல் மேல் கீழ் கீழ் என்று தொடங்கும் ரகசியச் சங்கேதத்தை அமெரிக்கப் பதிப்பில் போட்டால் முப்பது உயிர் கிடைக்கும் என்று காட்டிக் கொடுத்தேன். அதை உருவாக்கிய ஹஷிமோட்டோ, தான் வேலை செய்த கிரேடியஸ் ஆட்டத்தைத் தன்னாலேயே முடிக்க முடியாமல் சோதனைக்காக அதை எழுதியவர் என்றும் சொன்னேன். ஒருதரம் பார்த்துவிட்டு இரண்டாம்தரம் பார்க்காமலேயே போட்டான். கட்டைவிரலின் பக்கவாட்டில் இரண்டு பொத்தானையும் சேர்த்து உருட்டும் அவன் லாவகம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

எங்களிடம் இருந்தது பழைய மெக்கானிக்கல் பிரஸ். இரண்டு உள்ளங்கை பட்டன்களும் ஒரே நேரத்தில் அமுங்கினால்தான் மேலிருந்து அழுத்தும் ராம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டை அச்சுக்குள் கை போக வழியில்லை. ஆனால் அதில் பெடல் மோடும் உண்டு. சாவி போட்டு மாற்றினால் காலால் மிதித்தே ஓட்டலாம். கைகள் காலியாக இருக்கும், பீஸ் வைத்து எடுப்பது வேகமாகும், ஸ்ட்ரோக் கூடும். அந்தச் சாவி சூப்பர்வைசரிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. என்னிடம்தான் இருந்தது.

மாதக் கடைசி. டார்கெட்டுக்குப் பீஸ் குறைந்தது. அடித்தால் இன்சென்டிவ் வரும். ஜப்பானில் ஒருவர் பெட்டி, புத்தகத்தோடு ஒரு ஃபேமிகாமை எனக்காக எடுத்து வைத்திருந்தார், மீதிப் பணத்தை அந்த இன்சென்டிவ் வந்ததும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். மேலிருந்து நெருக்கினார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். நெருக்கினார்கள்தான். ஆனால் சாவியைத் திருப்பும்போது என் மனதில் இருந்தது அந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டி. பிரஸ் ஓட்டுபவர் அன்று வரவில்லை. பிசிர் எடுத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். “பெடல்ல ஓட்டு, சீக்கிரம் முடிச்சிரலாம்” என்றேன். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முதல் கணுவோடு நுனி போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் அயோமி கதையைச் சொன்னேன், நுனி போன விரல், உருக்கிய பிளாஸ்டிக், இசைத்தட்டோடு வந்த மேலாளர் எல்லாவற்றையும். அந்த மேலாளரின் இடத்தில் என்னை வைத்துக்கொண்டுதான் சொன்னேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மனுஷத்தனம் செய்வதாகவே அப்போது நினைத்தேன். அவன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவரு பிரஸ் ஓட்றவரா சார்?” என்றான்.

“இல்லப்பா, வெல்டர். அன்னைக்கு பிரஸ் ஆள் வரல.”

“அப்ப அவர யாரு சார் அங்க நிக்க வச்சது?”

இருபது வருஷமாக அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒருநாளும் எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. அம்மா அனுப்பியது தெரியும், மேலாளர் வந்தது தெரியும், பாட்டிலின் பிராண்டு கூடத் தெரியும். பதினேழு வயசுப் பையனை, அவன் வேலையே இல்லாத மிஷினில் நிறுத்திய ஆள் அந்தக் கதையில் எங்குமே இல்லை. நான் அந்த ஆள்.

அன்று மாலையே விபத்து அறிக்கை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று போட்டேன். பெடல் என்ற சொல்லே அதில் இல்லை. என்னை யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு, நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7 சதவீதம் என்று அப்போது இருந்தது. அந்தப் பணத்துக்கு அறிக்கையில் நான் எழுதிய வரி குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கவனமில்லாத பையன் என்ற பெயரோடு கான்ட்ராக்ட் முடிந்தது, மறுபடி அவனைக் கூப்பிடவில்லை.

ஃபேமிகாம் வந்தது. பிரித்தேன், ஆடினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, இதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். அவனை ஆடக் கூப்பிடவில்லை. நிண்டெண்டோ பேடுக்குப் பிடிக்க ஒரு கையும் அமுக்க ஒரு கட்டைவிரலும் இருபுறமும் இருந்தால் போதும், அவனுக்கு இரண்டு கட்டைவிரலும் நன்றாக இருந்தன. அவனால் முடியாது என்று நான் எண்ணவே இல்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார என்னால் முடியாது என்பதால் கூப்பிடவில்லை. வருஷங்கள் போயின.

2025 ஜூலை 5, பிர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் பிளாக் சபத்தின் கடைசிக் கச்சேரி. பதினேழு நாள் கழித்து ஆஸி இறந்தார். அந்தக் கச்சேரிக் காட்சிகளை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தேழு வயது அயோமியின் வலது கையைக் கேமரா நெருங்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டேன், பாட்டைக் கேட்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தம்பியைத் தேடிப் போனேன். கவரைப்பேட்டையில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தான். சாவி போட்டது நான், ஒரு கேம் பெட்டிக்காகப் போட்டேன், அறிக்கையில் உன் மேல் எழுதினேன் என்று நின்றபடியே சொன்னேன்.

“சாவிய நீங்க போட்டது தெரியாதா சார்? பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்” என்றான். பிறகு, “ரிப்போர்ட்ல அப்பிடி எழுதுனதுதான் தெரியாது” என்றான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அறிக்கை பொய், இயந்திரம் பெடலில் ஓடியது, சாவியைத் திருப்பியது நான் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதன் நகல் அவனிடம் இருக்கிறது. அந்த ஃபேமிகாமை விற்று அவன் கையில் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்தான். அவன் அம்மா வாங்கிக்கொண்டார்.

என் வீட்டில் இதைப் படிக்கிறவர்கள் பேய்ப் பாட்டும் விளையாட்டும்தான் இவனைக் கெடுத்தன என்று சொல்லக்கூடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பாட்டைச் செய்தவர்கள் என்னைவிட அந்தத் தம்பிக்கே நெருக்கமானவர்கள். தப்பு என் கையில், என் பேராசையில், என் எழுத்தில் இருந்தது.

கும்மிடிப்பூண்டியிலோ தேர்வாய்கண்டிகையிலோ அம்பத்தூரிலோ பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: மாதக் கடைசியில் யார் வந்து கேட்டாலும் பெடல் சாவியைக் கொடுக்காதீர்கள், நீங்களும் திருப்பாதீர்கள். வேறு வேலை செய்கிற பையனை மிஷினில் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தி, விபத்து நடந்து, காரணம் என்ற இடத்தில் அவன் கவனக்குறைவு என்று எழுதியிருந்தால், அந்த அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுங்கள். எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் கொடுங்கள்.