சாச்சியின் லேப்

2023இல் சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மறு ஆண்டு பிர்பூம் மாவட்டத்துத் தக்திரா பேகத்துக்கு. இருவரும் காந்தா தைப்பவர்கள். பழைய சேலைகளை அடுக்கி, ஊசி நூலால் ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்கும் வங்காளப் பெண்களின் கலை அது. செய்தியைப் படித்ததும் சாந்திநிகேதனில் வேலை பார்க்கும் தோழியிடம், தைக்கிறவர்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "குளிர்காலத்தில் வா. அப்போதுதான் போர்வைகள் பெட்டியைவிட்டு வெளியே வரும்" என்றாள்.

போல்பூரிலிருந்து நானூர் போகும் சாலையில் இருபுறமும் அறுத்த வயல்கள். கிளைச்சாலையில் இறங்கி, குளக்கரையை ஒட்டிய மண்வீடு ஒன்றுக்கு அழைத்துப் போனாள். அவள் 'சாச்சி' என்று கூப்பிடும் அந்த அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. வெயிலில் காயப் போட்டிருந்த போர்வைகளைத் தள்ளி எங்களுக்கு இடம் கொடுத்தார். தோழிதான் மொழிபெயர்த்தாள்.

எல்லாக் காந்தாவும் போர்த்திக்கொள்ள அல்ல. குளிருக்கானது லேப், நான்கைந்து சேலை கனம். விருந்தினர் வந்தால் விரிப்பது சுஜனி. புத்தகங்களையும் நகைகளையும் சுற்றிவைக்கச் சதுரமான பைதன். சாப்பிடும்போது நடுவில் விரிக்க தஸ்தர்கான். தொழுகைக்குத் தனி விரிப்பு. கண்ணாடியும் சீப்பும் வைக்கச் சுருட்டிக் கட்டும் ஆர்ஷிலதா. சதுரத்தின் மூன்று முனைகளை நடுவே மடித்துத் தைத்தால் காசுப்பையாகும் துர்ஜனி. சாச்சியின் வீட்டில் இருந்தவை லேப்பும், தஸ்தர்கானும், குழந்தைகளுக்கான சின்னக் காந்தாக்களும், குர்ஆனைச் சுற்றிவைத்த ஓர் உறையும்தான். மற்றவற்றைக் கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில், குருசதய் தத் சேகரித்த பொருட்கள் உள்ள அருங்காட்சியகத்தில் நான் முன்பே பார்த்திருந்தேன்.

சாச்சி கல்யாணமாகி வந்தபோது மாமியார்தான் தைக்கச் சொல்லிக்கொடுத்தாராம். மதியச் சோறு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் நால்வர் ஒரே லேப்பின் நான்கு ஓரங்களில் உட்கார்ந்துகொள்வார்கள். சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரங்களில் செங்கல் வைத்து, முதலில் பெரிய பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளைப் பிணைப்பார்கள். பிறகு நெருக்கமான சின்னத் தையல். நூல் துணியை மெல்லப் பிடித்து இழுப்பதால் போர்வை முழுக்கக் குளத்து நீரில் காற்றடித்ததுபோல அலை எழும்பும். அந்த அலைதான் காந்தாவின் அடையாளம். அதில் கை வைத்தால் எடுக்க மனம் வராது.

கணவர் குத்தகை விவசாயி. 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா என்ற குத்தகையாளர் பதிவுத் திட்டத்தில் அவர் பெயரைப் பதிவு செய்ததால் நிலத்தைவிட்டு யாரும் வெளியேற்ற முடியாமல் போனது என்று சாச்சி பெருமையோடு சொன்னார். அந்த நிலத்தின் நெல்லில்தான் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு லேப் கொடுத்தனுப்பினார். கடைசிப் பெண்ணுடையதில் இவருடைய அம்மாவின் சேலை இருக்கிறது. "அவளுக்கு அது தெரியும். அதனால்தான் அதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை."

பழைய காந்தாக்களில் வெள்ளைத் தரையில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மட்டுமே ஏன் என்று அங்கேதான் புரிந்தது. அன்றைய சேலையின் உடல் வெள்ளை, கரையில் மட்டும் நிறம். அந்தக் கரையிலிருந்து இழையை உருவித்தான் தைத்தார்கள். நூலுக்குக்கூடக் காசு செலவில்லை. இன்றைக்கு வீட்டில் கழிவது பாலியெஸ்டர் சேலை. அதில் உருவக் கரை இல்லை, வியர்வையை உறிஞ்சும் குணமும் இல்லை. லேப் தைக்கப் பருத்தித் துணி கிடைக்காமல், மருமகன்களின் பழைய லுங்கிகளைச் சாச்சி கேட்டு வாங்கிவைக்கிறார். ஒரு கைத்தொழில் அழிய ஆசையும் திறமையும் குறைய வேண்டியதில்லை. கந்தலாகும் பருத்திச் சேலை இல்லாமல் போனாலே போதும்.

சாச்சியின் மருமகள் திண்ணையில் தைத்துக்கொண்டிருந்தது புதிய டஸ்ஸர் பட்டு. அதில் வரைபடம் பதிக்கும் வேலை போல்பூரிலேயே முடிந்து வருகிறது. பட்டும் நூலும் கொடுப்பவர் மகாஜன். சேலை முழுக்க வேலை என்றால் வீட்டு வேலைக்கு நடுவே ஐந்தாறு மாதம் பிடிக்கும். கூலி, முடிந்த உருப்படிக்கு. அதை நாள் கணக்கில் வகுத்தால் நாற்று நடும் கூலியைவிடக் குறைவு என்று அவரே சொன்னார். தையல் பிசகினால் அதிலும் பிடித்தம்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. உருவங்கள் தைத்த நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது கலையின் பெயரைக் காக்கிறது. தைக்கிறவளின் கூலியைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஜோக்காவில் 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று உண்டு. மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்து, தன் பெயரையும் அதிலேயே ஊசியால் எழுதிவைத்தது. வீட்டுக்குத் தைத்தபோது பெயர் எழுத இடம் இருந்திருக்கிறது. கடைக்குத் தைக்கும்போது அந்த இடத்தில் கடையின் முத்திரை வந்துவிடுகிறது. நகரத்துப் பெரிய கடைகள், சேலையின் ஓர் ஓரத்தில் தைத்தவர் பெயரையும், அவருக்குக் கொடுத்த கூலியையும் எழுதி விற்கட்டும். வாங்குகிற நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கைவேலை என்று சொல்லித்தான் அந்த விலை வைக்கிறார்கள். யாருடைய கை என்று சொல்ல அவர்களுக்கு ஏன் தயக்கம்?

மகாஜன் இல்லாமல் நேராக விற்றால் என்ன என்று கேட்டேன். சாந்திநிகேதன் பக்கத்துச் சோனாஜுரி சந்தையில் சிலர் கடை போடுகிறார்கள். ஆனால் ஒரு பட்டு வாங்க முதல் வேண்டும், விற்கும்வரை ஆறு மாதம் தாங்க வேண்டும். நெல் வியாபாரிக்குக் கடன் இருக்கும் வீட்டில் அது எப்படி நடக்கும்?

கிளம்பும்போது மருமகள் கேட்டார்: "இந்த மாதிரிச் சேலை உங்கள் ஊர்க் கடையில் என்ன விலை?"

"20,000 ரூபாய்க்குக் குறையாது" என்றேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, மகன் பள்ளிக்கூட நோட்டை வாங்கி அந்த எண்ணை எழுதிக்கொண்டார். அடுத்த முறை மகாஜன் வரும்போது இதைக் காட்டிக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

"கேள்" என்றார் சாச்சி. "ஆனால் இதை முடித்துக் கொடுத்து, கூலியைக் கையில் வாங்கிய பிறகு கேள். பக்கத்து வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டு வைத்துக்கொள். நீ தனியாகக் கேட்டால் பட்டை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்."